பிட்எக்ஸ் எத்தனை வாட் தருகிறது?

ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் டிரான்சீவரை, அதாவது வானலையில் அனுப்பவும் பெறவும் உதவும் கருவியை, பல நாடுகளின் ஹாம் ரேடியோ (பொழுதுபோக்கு வானொலி) ஆர்வலர்கள் தங்கள் கையால் கட்டியிருக்கிறார்கள். அந்த வரிசையில் வந்த பிட்எக்ஸ் 40, ஏழு மெகாஹெர்ட்ஸ் பகுதியில் ஏறத்தாழ 7 வாட் தரும். கட்டி முடித்தவருக்கோ, தன் பெட்டி எத்தனை வாட் தருகிறது என்று தெரிந்தாக வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. சில மின்தடைகள், ஒரு டயோடு, ஒரு மின்தேக்கி, ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும்.

இந்த முறையில் நாம் வாட்டை நேரடியாக அளப்பதில்லை. தெரிந்த ஒரு மின்தடையின் மேல் எழும் மின்னழுத்தத்தை அளந்து, திறனைக் கணக்கிடுகிறோம். ஆகவே மின்தடை பிழையானால் விடையும் பிழைதான். ஆண்டெனாவை இணைத்து அளக்காததற்கு இதுவே காரணம்: அதன் மின்மறுப்பு (மாறுமின்னோட்டத்துக்கு அது தரும் தடை) அதிர்வெண்ணுக்கும் உயரத்துக்கும் ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். அதன் இடத்தில் 50 ஓம் டம்மி லோடை, அதாவது திறனை வாங்கி வெப்பமாக்கிவிடும் மின்தடையை, வைக்கிறோம். சோதனைச் சைகை வானலையில் போய் யாருக்கும் இடைஞ்சல் தராது என்பது கூடுதல் நன்மை.

இருபது 1000 ஓம் மின்தடைகளை இணையாகச் சேர்த்தால் 50 ஓம் கிடைக்கும். ஒவ்வொன்றும் 2 வாட் தாங்கினால் மொத்தம் 40 வாட் தாங்கும். கம்பி சுற்றிய மின்தடையை மட்டும் தொடவே கூடாது. அந்தச் சுற்றே ஒரு காயிலாக நடந்துகொள்ளும். ஏழு மெகாஹெர்ட்ஸில் அது 50 ஓமாக இருக்காது.

மல்டிமீட்டரின் ஏசி அளவீடு வீட்டு மின்சாரம் போன்ற தாழ்ந்த அதிர்வெண்களுக்கானது. நொடிக்கு 70 லட்சம் முறை அலையும் மின்னழுத்தத்தை அதனால் பின்தொடர முடியாது. அதனால்தான் மின்னோட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் டயோடு தேவைப்படுகிறது. லோடின் மேல்முனையிலிருந்து ஒரு 1என்4148 டயோடு, அதன் மறுமுனைக்கும் தரைக்கும் இடையே 0.01 மைக்ரோஃபேரட் மின்தேக்கி. அலை மேலே ஏறும்போதெல்லாம் டயோடு வழிவிட, மின்தேக்கி உச்ச மின்னழுத்தம் வரை நிரம்பி அப்படியே நிற்கும். இப்போது அது டிசி. மல்டிமீட்டர் எளிதாகப் படித்துவிடும்.

மீட்டர் 25.9 வோல்ட் காட்டுவதாகக் கொள்வோம். டயோடு தனக்கென எடுத்துக்கொண்ட சுமார் 0.6 வோல்ட்டைச் சேர்த்தால் உச்சம் 26.5. அதன் வர்க்கத்தை, மின்தடையின் இருமடங்கான 100-ஆல் வகுத்தால் 7 வாட். அந்த 0.6 வோல்ட்டை விட்டுவிட்டால் 7 வாட்டில் பிழை ஏறத்தாழ 5 விழுக்காடுதான். அரை வாட்டிலோ அது 16 விழுக்காட்டை எட்டும். திறன் குறையக் குறைய டயோடின் பங்கு பெரிதாகும். மறுபக்கம், டயோடு தாங்கவேண்டிய எதிர் மின்னழுத்தம் உச்சத்தின் இருமடங்கு. 1என்4148-க்கு அந்த வரம்பு 75 வோல்ட் என்று வைத்துக்கொண்டால், சுமார் 14 வாட்டுக்கு மேல் இந்த அமைப்பை நம்பக் கூடாது.

பிட்எக்ஸ் 40 ஒற்றைப் பக்கப்பட்டைக் கருவி (குரல் சைகையின் ஒரு பக்கத்தை மட்டும், தாங்கலை இல்லாமல் அனுப்புவது) என்பதால், பேசாதபோது வெளியீடு இருக்காது. பேசும்போது குரலோடு ஏறி இறங்கும். மெதுவாகப் படிக்கும் மல்டிமீட்டர் அந்தக் கணநேர உச்சத்தைத் தவறவிட்டுவிடும். கைப்பேசியிலிருந்து 1000 ஹெர்ட்ஸ் ஒலியை மைக்குக்குச் சீராகக் கொடுத்து, எண் நிலைத்த பிறகு படிக்க வேண்டும். வெளியீட்டு டிரான்சிஸ்டர் சூடேறும். சில நொடிகளுக்கு மேல் நீட்டிக்க வேண்டாம்.

அளக்கும் இடமும் முக்கியம். வெளியீட்டில் தேவையற்ற உயர் அதிர்வெண்களை நீக்கும் வடிகட்டிக்கு முன்னால் அளந்தால் அடிப்படை அலையோடு அதன் மடங்கு அதிர்வெண்களும் கலந்திருக்கும். டயோடு அந்தக் கலவையின் உச்சத்தையே பிடிக்கும். மின்னழுத்தத்தில் 10 விழுக்காடு கூடினால் திறன் 21 விழுக்காடு கூடியதாகத் தோன்றும். எனவே தாழ் அதிர்வெண் வடிகட்டியைத் தாண்டி, ஆண்டெனா சாக்கெட்டில்தான் லோடு இருக்க வேண்டும்.

கிடைத்த எண்ணைச் சரிபார்க்கவும் வழி உண்டு. வெளியீட்டு டிரான்சிஸ்டர் 12 வோல்ட்டில் 1.2 ஆம்பியர் இழுத்தால், உள்ளே போவது 14.4 வாட். வெளியே 7 வாட் வந்தால் பாதி, நம்பத் தகுந்தது. கணக்கு 13 வாட் என்று சொன்னால் அதை நம்பவே கூடாது, ஏனெனில் ‘கிளாஸ் பி’ வகைப் பெருக்கியில்கூட உள்ளே போவதில் வெளியே வரக்கூடிய பங்கின் கோட்பாட்டு உச்சமே 78.5 விழுக்காடுதான். முதலில் லோடை அவிழ்த்து ஓம் மீட்டரில் வைத்துப் பார்க்க வேண்டும். அது 50 காட்டினால், அடுத்துத் தேட வேண்டியது வடிகட்டியில்.