பக்கத்து இருக்கையில் ஆசிரியர்

டைகர் மாத் என்ற இரட்டை இறக்கை விமானத்தில் பறக்கப் பழகிய மாணவருக்குத் தெரிந்ததெல்லாம் ஆசிரியரின் பிடரிதான். முன்னால் ஆசிரியர், பின்னால் மாணவர், மேலே திறந்த வானம். அறிவுரையும் திட்டும் ஒரு குழாய் வழியாகக் காதுக்கு வந்து சேரும்.

இருவரையும் அருகருகே உட்கார வைத்தால் என்ன என்று பிரிட்டிஷ் விமானப்படை போர்க்காலத்திலேயே யோசித்தது. அதற்காகப் பெர்சிவல் நிறுவனம் உருவாக்கிய பிரென்டிஸ், 1946 மார்ச் 31 அன்று லூட்டனில் முதன்முதலாகப் பறந்தது. உலோக உடல், மூடிய அறை, வானொலி. பின்னால் இன்னொரு மாணவர் உட்கார்ந்து பார்த்துக் கற்கவும் இடம் இருந்தது. ஆசிரியர் கையால் சுட்டிக் காட்டலாம். மாணவரின் முகத்தில் பயம் தெரிகிறதா என்றும் பார்க்கலாம்.

வசதிக்கு விலை எடை. டைகர் மாத் சுமார் 830 கிலோ, அதன் எஞ்சின் 130 குதிரைத்திறன். பிரென்டிஸோ சுமார் 1,900 கிலோ. எஞ்சின் 251 குதிரைத்திறன்தான். கணக்குப் போட்டால், ஒரு கிலோவுக்குக் கிடைக்கும் திறன் பழைய விமானத்தைவிடக் குறைவு. பெரிய வண்டியில் நோஞ்சான் மாட்டைப் பூட்டிய கதை.

சோதனைப் பறப்புகளில் வேறொரு குறையும் தெரிந்தது: மூக்கை இடமும் வலமும் திருப்பும் வால் சுக்கானுக்கு வலு போதவில்லை. பயிற்சி விமானத்தில் இது சின்ன விஷயம் அல்ல. வேகம் குறைந்து மூக்கு அளவுக்கு மீறி உயர்ந்தால், இறக்கையின் மேல் வழுவழுப்பாக ஓடும் காற்று பிய்ந்துபோகும். ஓர் இறக்கை முந்திக்கொண்டு தூக்குவிசையை இழந்து சரியும். சரியச் சரிய இன்னும் இழக்கும். விமானம் பம்பரம்போல் சுழன்றுகொண்டே விழும். சுழற்சிக்கு எதிர்ப்பக்கம் சுக்கானை மிதித்து, பிடியை முன்னே தள்ளித்தான் மீள வேண்டும். ஆனால் விழும்போது காற்று கீழிருந்து வருகிறது. வாலின் கிடைத்தகடு அதை மறித்தால், சுக்கானுக்குப் பிடிக்கக் காற்றே இருக்காது. பிரென்டிஸின் வாலைத் திருத்திச் சுக்கானைப் பெரிதாக்கினார்கள். இறக்கை நுனிகளும் மேல்நோக்கி வளைக்கப்பட்டன; விமானத்தைத் தூரத்திலிருந்தே அடையாளம் காட்டுபவை அவைதான்.

அதே நிறுவனத்தின் அடுத்த படைப்பான ப்ரோவோஸ்ட் 1953-இல் இதன் இடத்தைப் பிடித்தது. எடை ஏறக்குறைய அதே அளவு, எஞ்சினோ 550 குதிரைத்திறன்! அருகருகே இருக்கைகள் அப்படியே தொடர்ந்தன. யோசனை சரிதான், எஞ்சின்தான் போதவில்லை என்பது என் கணிப்பு.

பெங்களூரில் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனமும் உரிமம் பெற்று 42 பிரென்டிஸ்களைச் செய்தது. இங்கிலாந்தில் வேலையிழந்தவற்றில் 252-ஐ 1956-இல் பிரிட்டிஷ் விமானத் தொழிலதிபர் ஃபிரெடி லேக்கரின் நிறுவனம் மொத்தமாக வாங்கியது. அந்த அகலமான அறையில் கூடுதல் இருக்கைகள் போட்டு விற்கலாம் என்பது கணக்கு. முப்பதுகூடத் தேறவில்லை, மற்றவை காயலான் கடைக்குப் போயின.