ஒரு சொம்பா, ஒரு லிட்டரா?

மன்னார்குடி வட்டாரத்தில் வைகாசி பிறந்தால் பருத்தி எடுப்பு மும்முரமாக இருக்கும். நெல் அறுத்த வயல்தான், ஒதுங்க ஒரு மர நிழல்கூடக் கிடைக்காது. அப்படியொரு பிற்பகலில் தன் அம்மாவைக் கைத்தாங்கலாக அழைத்து வந்தான் ஒரு பையன். அவருக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்திருந்தது, இரண்டு முறை வாந்தி வேறு.

"ஓ.ஆர்.எஸ். கரைத்துக் கொடுத்தேன் டாக்டர், காய்ச்சல் மாத்திரையும் கொடுத்தேன். குடித்த பிறகுதான் வாந்தி."

"எவ்வளவு தண்ணீரில் கரைத்தாய் தம்பி?"

"ஒரு சொம்பு."

சொம்பு கூடையிலேயே இருந்தது. அரை லிட்டர் சலைன் பாட்டிலில் தண்ணீர் பிடித்து ஊற்றிப் பார்த்தேன். சொம்பு நிறைந்த பிறகும் பாட்டிலில் 150 மில்லி மிச்சம்.

பையன் பிளஸ் டூ போகிறவன். அம்மாவுக்குச் சலைன் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் அவனைக் கணக்குப் போட வைத்தேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கான பெரிய ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் 20.5 கிராம் தூள். அதில் சாதாரண உப்பு 2.6 கிராம். அணு எடை சோடியத்துக்கு 23, குளோரினுக்கு 35.5, கூட்டினால் 58.5 என்று மூச்சுவிடாமல் சொன்னான். 2.6 கிராமை அதால் வகுத்தால் சோடியம் சுமார் 44 மில்லிமோல் (துகள்களை எண்ணும் அளவு). சிட்ரேட் உப்பிலிருந்து இன்னும் 30 வரும். ஆக, ஒரு லிட்டரில் கரைத்தால் சோடியம் ஏறக்குறைய 75. அவனுடைய சொம்பிலோ லிட்டருக்கு 210 என்ற கணக்கைத் தாண்டிவிட்டது. நம் ரத்தத்தில் இருப்பதே 135 முதல் 145 வரைதான். மாங்காயில் உப்பைப் போட்டால் நீர் விட்டுக்கொள்கிறதல்லவா? குடலுக்குள் போன அந்தக் கரைசலும் உடம்பிலிருந்து நீரை அப்படித்தான் இழுக்கும். வாந்தியும் பேதியும் தாகமும்தான் மிஞ்சும்.

குளுக்கோஸ் 13.5 கிராம். அதை அதன் மூலக்கூறு எடையான 180-ஆல் வகுத்தாலும் 75 மில்லிமோல். பையன் நிமிர்ந்து பார்த்தான். குடல் சுவரில் உள்ள ஒரு புரதம் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்தே உள்ளே ஏற்றிக்கொள்கிறது, தண்ணீர் பின்னால் போகிறது. சர்க்கரை ருசிக்காகப் போட்டதென்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய.

மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். காய்ச்சலில் மூளையின் ஹைப்போதாலமஸ் என்ற பகுதிதான் உடல் சூடு இவ்வளவு இருக்க வேண்டும் என்ற அளவை உயர்த்தி வைக்கிறது, பாராசிட்டமால் அதைக் கீழே இறக்கும். வெயிலில் ஏறும் சூடு அப்படியல்ல. அளவு பழைய இடத்தில்தான் இருக்கிறது, சூட்டை வெளியேற்றத்தான் உடம்பால் முடியவில்லை. அங்கே மாத்திரைக்கு வேலையே இல்லை.

ஒரு லிட்டர் வியர்வை ஆவியானால் சுமார் 580 கிலோ கலோரி வெப்பம் போகும். 60 கிலோ உடம்பின் சூடு ஒரு டிகிரி செல்சியஸ் ஏற 50 கிலோ கலோரி போதும் என்றால், வியர்வை எவ்வளவு பெரிய காரியம் செய்கிறது பாருங்கள். ஆனால் ஆவியாக வேண்டும். நம் டெல்டாவின் புழுக்கத்தில் அது சொட்டித்தான் விழுகிறது. உப்பும் நீரும் போயின, சூடு போகவில்லை. சிறுநீர் கழிக்க ஒதுங்க இடமில்லையே என்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் வேலை செய்யும் பெண்களை நான் வாரந்தோறும் பார்க்கிறேன். அதற்கு என்னிடம் மருந்து இல்லை.

உடல் சூடு 40 டிகிரி செல்சியஸைத் தாண்டி, பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை நிழலில் கிடத்தி, துணியைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். இந்தப் புழுக்கத்தில் ஈரத்துணியால் துடைத்துவிட்டு உட்கார்ந்தால் போதாது, காற்றுப் பட வேண்டும்.

200 மில்லிக்கான சின்னப் பொட்டலமும் கடையில் உண்டு. எது கையில் இருக்கிறதென்று உறையைப் படித்துவிட்டுக் கரையுங்கள். கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

சாயங்காலம் கால் பிடிப்பு விட்டது. எங்கள் கணக்கையெல்லாம் படுத்தபடியே கேட்டிருந்தவர் எழுந்து உட்கார்ந்து, "இந்தச் சொம்பால் மூன்று சொம்பு என்று சொன்னால் முடிந்தது டாக்டரம்மா, அதற்கா இத்தனை வகுத்தல்?" என்றார்.

350-ஐ மூன்றால் பெருக்கினால் 1,050. இப்போதெல்லாம் சீட்டில் லிட்டர் என்று எழுதுவதில்லை. வீட்டுச் சொம்பைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறேன்.