பழைய அவுட்போர்டு எஞ்சினும் ஆறு ரப்பர் இதழ்களும்

பழவேற்காட்டு வாசகர் ஒருவரின் கேள்வி: “காசிமேட்டில் 8 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு எஞ்சின் ஒன்று மலிவாக வருகிறது. ரெண்டு சிலிண்டர். மூன்று வருஷமாக ஷெட்டில் கிடந்ததாம். வாங்கலாமா?”

படகின் பின்புறம் மாட்டும் எஞ்சின்தான் அவுட்போர்டு. வாங்கலாம், சோதித்துப் பார்த்த பிறகு. பிளக் ஸ்பேனர், கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தத்தை அளப்பது), டார்ச், பெரிய ஸ்க்ரூடிரைவர் இருந்தால் போதும். முதலில் ஸ்டார்ட்டர் கயிற்றை மெதுவாக இழுங்கள். ஃபிளைவீல் அசையவே இல்லையென்றால் பிஸ்டன் பிடித்திருக்கும், கிளம்பிவிடலாம். அசைந்தால் இரண்டு பிளக்கையும் கழற்றி, பிளக் வயர்களை எஞ்சின் உடம்போடு எர்த் செய்து, ஒவ்வொரு பிளக் துளையிலும் கேஜை மாட்டி, திராட்டிலை முழுக்கத் திறந்து வைத்துக் கயிற்றை நாலைந்து முறை வேகமாக இழுங்கள். கேஜில் 90 முதல் 120 பி.எஸ்.ஐ. வந்தால் நல்லது. 60-க்குக் கீழே போனால் ஸ்டார்ட் ஆவதே சிரமம். எண்ணைவிட முக்கியம், இரண்டு சிலிண்டருக்கும் நடுவே 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. இரண்டுமே ஒரே மாதிரி குறைந்தால் பிஸ்டன் ரிங்குகள் கார்பனில் ஒட்டியிருக்கலாம், சுத்தம் செய்தால் தேறும். ஒன்று மட்டும் படுத்திருந்தால் ஹெட் கேஸ்கெட் போயிருக்கலாம், சிலிண்டரே கீறியும் இருக்கலாம். பிளக் துளை வழியாக டார்ச் அடித்தால் நெடுக்குக் கீறல் கண்ணில் படும். ஸ்பார்க் நீலமாகச் சொடுக்க வேண்டும். பாயிண்ட் (ஸ்பார்க்குக்காகத் திறந்து மூடும் தொடர்பு முனைகள்) வைத்த பழைய மாடலென்றால் இடைவெளி பெரும்பாலும் 0.5 மி.மீ. கார்பரேட்டரைக் கழற்றி ஜெட்டுகளைச் சுத்தம் செய்வது எப்படியும் செய்ய வேண்டிய வேலை.

இதெல்லாம் ஸ்கூட்டர் மெக்கானிக்குக்கே தெரியும். ஸ்கூட்டரில் இல்லாத ஒன்று இதில் இருக்கிறது. இந்த எஞ்சின் கடல் தண்ணீரையே குடித்துத்தான் சூடு தணிகிறது. அந்தத் தண்ணீரை மேலே ஏற்றுவது இம்பெல்லர் என்ற சின்ன ரப்பர் சக்கரம். எஞ்சினிலிருந்து புரொப்பெல்லருக்கு இறங்கும் டிரைவ் ஷாஃப்டிலேயே அது மாட்டியிருக்கிறது. பெரும்பாலும் ஆறு இதழ்.

சக்கரம் சுழலும் கிண்ணத்தின் மையமும் ஷாஃப்டின் மையமும் வேண்டுமென்றே விலக்கி வைக்கப்பட்டிருக்கும். அதனால் ஒரு பக்கம் சுவர் ஷாஃப்டுக்கு அருகில், எதிர்ப்பக்கம் தூரத்தில். இதழ் தூரப் பக்கம் வரும்போது நிமிர்கிறது. இரண்டு இதழுக்கு இடையிலான அறை பெரிதாகிறது, அழுத்தம் குறைந்து தண்ணீர் உள்ளே வருகிறது. அருகுப் பக்கம் வரும்போது இதழ் மடங்குகிறது, அறை சுருங்குகிறது, தண்ணீர் மேலே தள்ளப்படுகிறது. வால்வே கிடையாது! வேகம் கூடினால் இன்னொரு கூத்து. தண்ணீரின் எதிர்ப்பால் இதழ்கள் சுவரை விட்டு உள்பக்கமாக வளைந்துவிடுகின்றன. அப்போது அது வீட்டு மோட்டார் போல, தண்ணீரைச் சுழற்றி வெளிப்பக்கம் வீசும் பம்ப். ஒரே ரப்பர் துண்டு, இரண்டு வகைப் பம்ப்.

இதைப் புரிந்துகொண்டால் பழுதைக் கண்ணாலேயே சொல்லிவிடலாம். பிளாஸ்டிக் டிரம்மில் (சென்னையில் டிரம் இல்லாத வீடு ஏது) பம்ப் மூழ்கும் அளவு தண்ணீர் நிரப்பி, நியூட்ரலில் ஓட விடுங்கள். பின்பக்கச் சிறு துளையிலிருந்து பீய்ச்சும் தண்ணீரைக் கவனியுங்கள். ஐடிலில் சொட்டி, வேகத்தில் நன்றாகப் பீய்ச்சினால் இதழ் நுனி தேய்ந்திருக்கிறது, அல்லது ஷெட்டில் கிடந்த மூன்று வருஷத்தில் மடங்கியபடியே இறுகிவிட்டது. மெதுவேகத்தில்தான் நுனி சுவரைத் தொட்டாக வேண்டும். எந்த வேகத்திலும் மெலிந்தே வந்தால் முதலில் அந்தத் துளையை மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். மாற்றமில்லை என்றால் உள்வழியில் உப்பு அடைத்திருக்கும். சுத்தமாக வரவே இல்லை, ஆனால் இதழ்கள் புதுசு போல இருக்கின்றன என்றால், ரப்பர் நடுவிலுள்ள உலோகப் புஷ்ஷிலிருந்து பிய்ந்து, புஷ் மட்டும் சுற்றுகிறது. தண்ணீர் இல்லாமல் சில நொடி ஓட்டினாலே இதழ் கருகும். “ஸ்டார்ட் ஆகுதான்னு மட்டும் பாருங்க சார்” என்று வெறும் தரையில் ஓட்டிக் காட்டும் ஆளிடம் வாங்காதீர்கள்.

முகத்துவார மணல் பம்பின் அடித்தகட்டில் வட்ட வட்டமாகக் கீறும். நகம் மாட்டும் அளவு கீறல் இருந்தால் இம்பெல்லரோடு தகடும் கிண்ணமும் மாற்ற வேண்டும். மாற்றக் கீழ் யூனிட்டை, அதாவது புரொப்பெல்லர் இருக்கும் அடிப்பகுதியை, இறக்கணும். உப்பில் பிடித்த போல்ட்டை முறுக்காதீர்கள், ஸ்டீல் போல்ட் அலுமினியத்துக்குள்ளேயே முறியும். சூடு காட்டி, ஆயில் விட்டு, முன்னும் பின்னுமாக அசைத்து எடுங்கள். புது இதழ்களில் சோப்புத் தண்ணீர் தடவி, ஷாஃப்டை மேலிருந்து பார்க்க வலச்சுற்றாகத் திருப்பிக்கொண்டே கிண்ணத்தை இறக்கினால் இதழ்கள் சரியான பக்கம் மடங்கும். பழைய இதழ் முறிந்திருந்தால் துண்டுகளை எண்ணிச் சேர்த்துப் பாருங்கள். குறையும் துண்டு மேலே குழாயில் இருக்கும். உப்பு அடைப்பைக் கரைக்கப் பாத்ரூம் ஆசிட் வேண்டாம், அது அலுமினியத்தைத் தின்னும். வினிகர் போதும், நேரம்தான் ஆகும்.

ஆயுதபூஜைக்கு எலுமிச்சம்பழம் கட்டுவதில் எஞ்சினுக்கு ஒரு கெடுதலும் இல்லை. கெடுதல் செய்வது வேறொரு நம்பிக்கை: பெட்ரோலில் ஆயில் கூடக் கலந்தால் எஞ்சினுக்குப் பாதுகாப்பு என்பது. கூடக் கலந்தால் பிளக் கறுக்கும், கார்பன் சேரும், உள்ளே போகும் கலவையில் பெட்ரோல் குறைந்து சூடும் ஏறும். பெட்ரோல் 50-க்கு ஆயில் 1 என்றால் லிட்டருக்கு 20 மி.லி., அவ்வளவுதான். மிகப் பழைய மாடல்கள் 24-க்கு 1 கேட்கும். ஸ்கூட்டர் 2டி ஆயில் வேண்டாம், டி.சி.டபிள்யூ.3 என்று போட்ட மரைன் ஆயில் வாங்குங்கள்.

இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது ஈரத்தை இழுக்கும். தண்ணீர் அதிகமாகச் சேர்ந்தால் எத்தனாலும் தண்ணீரும் ஒன்றாகப் பிரிந்து டாங்கின் அடியில் தங்கும். கலந்த ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். அடியிலிருந்து உறிஞ்சும் எஞ்சினுக்கு ஆயிலே இல்லாத திரவம் போய்ச் சேரும், பிஸ்டன் பிடிக்கும். பழைய பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் பிடித்து வைத்துப் பாருங்கள். இரண்டு அடுக்காகப் பிரிந்தால் மொத்தமும் கழிவு.

பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகம் 6,000 மீட்டர் ஆழத்துக்கு மூன்று பேரை அனுப்ப மத்ஸ்யா என்ற நீர்மூழ்கிக் கலம் கட்டுகிறது. பெருமைதான். அந்தப் பணத்தில் ஒரு துளி கரையோரச் சின்ன எஞ்சின்களின் உப்பரிப்புக்கும் ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

விலையை முடிவு செய்யும் சோதனை கியரில். எஞ்சினை ஓட்டாமல் ஒரு ராத்திரி நிமிர்த்தி வைத்து, கியர்பெட்டியின் கீழ் ஸ்க்ரூவைக் கொஞ்சம் தளர்த்துங்கள். முதலில் தண்ணீர் வந்தாலோ, ஆயில் பால் டீ நிறத்தில் வந்தாலோ, தண்ணீரைத் தடுக்கும் ரப்பர் சீல் போயிருக்கிறது. புரொப்பெல்லரைக் கழற்றினால் ஷாஃப்டில் தங்கூஸ் நரம்பு சுற்றியிருப்பதைப் பார்க்கலாம், சீலை அறுப்பது பெரும்பாலும் அதுதான். சீல் மலிவு, அளவு அதன் மேலேயே மில்லிமீட்டரில் இருக்கும், சென்னை ஜி.பி. ரோடு உதிரிபாகக் கடைகளில் தேடலாம். ஆனால் ஆயிலோடு துருப்பொடியும் உலோகச் சில்லும் வந்தால், உப்புத் தண்ணீர் அந்த மூன்று வருஷமும் பேரிங்கில் நின்றிருக்கிறது என்று அர்த்தம். அப்போது உதிரி பாகத்துக்கான விலைக்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.