ஸ்டியரிங் ஆடுறதுக்கு அலாய் மேல பழி போடாதீங்க

போன வாரம் ஒரு ஸ்விஃப்ட் வந்துச்சு, அலாய் வீல் போட்டு ரெண்டு மாசம் தான் ஆகுது, 80 தாண்டினா ஸ்டியரிங் ஆடுதாம், மூணு தடவை பேலன்சிங் பண்ணியும் போகல, சரி இந்த வீலே மட்டம், வித்துடலாம்னு முடிவு பண்ணிட்டு தான் வந்தாரு.

கழட்டி வெர்னியர் வெச்சு அளந்து பாத்தேன். அலாய்க்கு நடு ஓட்டை 73.1 எம்எம், அந்த ஓட்டைக்குள்ள உக்கார வேண்டிய ஸ்விஃப்ட் ஹப்பு, அதாவது வண்டில வீல் மாட்டுற நடு மேடு, 54.1. ஒரே வீலை பல வண்டிக்கும் விக்கணும்னு ஓட்டையை பெருசா தான் விடுவாங்க, அது தப்பில்ல, ஆனா அந்த 19 எம்எம் இடைவெளிய அடைக்க ஹப் ரிங் போடணும், அதை யாரும் போடல. பேலன்சிங் மெஷின் நடு ஓட்டையை கோன்ல பிடிச்சு சுத்தும், அதனால அங்க ஜீரோ தான் காட்டும், வண்டில மாட்டும்போது நட்டு எந்தப் பக்கம் முதல்ல இழுக்குதோ அங்க சாஞ்சு உக்காந்துக்கும். ரிங் போட்டு மாட்டினேன், ஆட்டம் போச்சு. காசு கொடுத்து மூணு தடவை பேலன்சிங் பண்ணினவர் மூஞ்சிய பாக்கணுமே!

இதாவது ஆட்டத்தோட போச்சு, நட்டு விஷயம் தான் எனக்கு பயம். ஹோண்டா சிட்டில கம்பெனி நட்டு அடிப்பக்கம் உருண்டையா இருக்கும், வெளில வாங்குற அலாய்ல பெரும்பாலும் கோன் மாதிரி குழி. உருண்டை நட்டை அதுல போட்டா மெல்லிசா ஒரு வட்டத்துல மட்டும் தான் ஒட்டும், டைட்டா இருக்குற மாதிரியே தோணும், ஓட ஓட லூஸாகும். நட்டோட மரையும் பாக்கணும், ஸ்விஃப்ட்டுக்கு 12-க்கு 1.25, சிட்டிக்கு 12-க்கு 1.5, முதல் நம்பர் தடிமன், ரெண்டாவது மரைக்கு மரை இடைவெளி, ரெண்டும் எம்எம்ல. மாத்தி ஏர் கன்ல ஏத்தினா நட்டு ஏறுற ஸ்டட்டு காலி.

ஏர் கன்ல கடைசி வரைக்கும் டைட் பண்ண விடாதீங்க. வண்டி ஜாக்குல இருக்கும்போதே கையால எதிரெதிரா நட்டை ஏத்தி, இறக்கினதுக்கு அப்புறம் எவ்ளோ டைட்டுன்னு அளந்து காட்டுற டார்க் ரெஞ்ச்ல முடிக்கணும், சிட்டிக்கு 108 நியூட்டன் மீட்டர். 100 கிலோமீட்டர் ஓடினதும் திரும்ப வந்து செக் பண்ணிக்கோங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்றேன், வர்றவங்க கம்மி தான்.

டயர் சைஸ்ல ரொம்ப குழம்ப வேணாம், வீலும் டயரும் சேர்ந்த மொத்த உயரம் மாறக்கூடாது, அவ்ளோ தான். 165/80 ஆர்14-க்கு பதிலா 185/65 ஆர்15 போட்டா ரெண்டே எம்எம் தான் கூடும்.

அப்புறம் அலாய்க்குன்னு கோன் நட்டு வாங்கினா, பழைய நட்டை தூக்கி போட்டுடாதீங்க. ஸ்டெப்னி கம்பெனி வீல் தானே, நடு ரோட்டுல பஞ்சர்னா அதுக்கு அந்த நட்டு தான் உக்காரும், ஒரு கவர்ல கட்டி டிக்கில போட்டு வெச்சுடுங்க.