டச் சரியாகத்தான் இருக்கிறது, காசுதான் பொய்

போன வாரம் ஏற்காட்டிலிருந்து ஓர் அம்மா கடைக்கு வந்தார். காபித் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். மஞ்சள் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்து, ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தைக் கண்ணாடி மேல் வைத்தார். வைஷ்ணோ தேவி படம் போட்டது.

"இதுக்குப் பன்னண்டு லட்சம் தர்றோம்னு சொன்னாங்க சார். ரிசர்வ் பேங்க் கிளியரன்ஸுக்குன்னு நாலாயிரம் கட்டினேன். அப்புறம் ஜிஎஸ்டின்னு ஆறாயிரத்து ஐநூறு. இப்ப போனே எடுக்க மாட்டேங்கறாங்க. நீங்களாவது வாங்கிக்கறீங்களா?"

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பழைய நாணயக் கடை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. இதே நாணயத்தோடு இதே கதையைச் சொல்லிக்கொண்டு வந்தவர்களை எண்ணுவதை எப்போதோ விட்டுவிட்டேன். அந்த அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்து, 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். பணம் போனவுடனே கூப்பிட்டிருந்தால் அதை நிறுத்தி வைக்க வாய்ப்பு இருந்திருக்கும். மூன்று வாரம் கழித்துக் கூப்பிட்டால் புகார் பதிவாகும், அவ்வளவுதான்.

அந்த நாணயம் ஒரு கோயில் வாரியத்தின் வெள்ளி விழாவுக்காக 2012 என்று ஆண்டு போட்டுப் புழக்கத்துக்கு விட்டது. என்னிடம் ஒரு டப்பா கிடக்கிறது. முப்பது ரூபாய்க்குக் கேட்டாலும் தந்துவிடுவேன்.

"அப்படின்னா நெட்ல பத்து லட்சம்னு போட்டிருக்கே?" என்று எல்லாரும் கேட்கிறார்கள். இந்தக் கேள்விதான் என் ரத்தக் கொதிப்பை ஏற்றுகிறது. ஆகவே இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே போட்டிருப்பது ஒருவர் கேட்கிற விலை. விற்ற விலை வேறு. என் வீட்டு வாசலில் கட்டியிருக்கும் ஆட்டுக்குட்டியின் கழுத்தில் பத்துக் கோடி என்று அட்டை மாட்டி, படம் பிடித்து நானும் போடலாம், யாரும் தடுக்கப்போவதில்லை. மறுநாள் அதைப் பார்த்துப் பக்கத்துத் தெருக்காரர் தன் ஆட்டுக்கு எட்டுக் கோடி போடுவார். மூன்றாம் நாள் ஒருவர், "சேலத்தில் ஆடு கோடிக்கணக்கில் போகிறது" என்று வீடியோ போடுவார். இத்தனைக்கும் நடுவில் ஆட்டை வாங்கியவர் யார்? ஒருவரும் இல்லை. நாணயத்திலும் இதுதான் நடக்கிறது. விலை தெரிய வேண்டுமானால் ஏலத்தில் முடிந்த விலையைப் பாருங்கள். பெரிய ஏலக்காரர்கள் முடிந்த ஏலங்களின் விலையைப் படத்தோடு வெளியிடுகிறார்கள். அதே ஆண்டு, அதே அக்கசாலை (காசு அடித்த இடம்), ஏறக்குறைய அதே தேய்மானம், மூன்றும் பொருந்துகிற விற்பனை நாலைந்து பார்த்தால் ஒரு மட்டம் பிடிபடும். பழசு என்பதற்காக விலை இல்லை. ராஜராஜன் செப்புக் காசு ஆயிரம் வருஷப் பழசு; அதைவிட எவ்வளவோ பின்னால் வந்த சில பிரிட்டிஷ் ரூபாய்கள் அதைப் போலப் பல மடங்கு போகின்றன. ராஜராஜன் காசு ஏராளமாகக் கிடைக்கிறது, அதுதான் காரணம்.

ரிசர்வ் வங்கி பழைய நாணயம் வாங்குவதும் இல்லை, விற்பதும் இல்லை, அதற்குக் கமிஷன் கேட்பதும் இல்லை. 2021 ஆகஸ்டில் அவர்களே அறிவித்துவிட்டார்கள். 1818 என்று போட்டு ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் கிழக்கிந்தியக் கம்பெனி பெயர் இருக்கிறதே, அது கம்பெனி அடித்த காசு இல்லை, கற்பனைச் சரக்கு. (கம்பெனியின் மெட்ராஸ் வராகன் என்ற தங்கக் காசில் பெருமாள் இருந்தார், அது வேறு கதை.) அரிசியை இழுக்கும் காசு, இரிடியம் செம்பு என்று எவராவது அதிசயக் கதை பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.

சரி, இவர்கள் ஏமாற்றுக்காரர்கள். இப்போது சேகரிப்பாளர்களுக்கு வருகிறேன். இணையக் குழுக்களில் ஒருவருக்கொருவர் நேரடியாக வாங்கி விற்பதை நான் குறை சொல்லவில்லை. இதனால் என் வியாபாரம் குறைந்திருக்கிறது, உண்மைதான். ஆனால் ஒரு கடைக்காரனின் லாபத்தை மிச்சப்படுத்த நினைப்பது தப்பா? இல்லை. என்னைத் தாண்டிப் போங்கள். போகும்போது என் வேலையையும் நீங்களே செய்துகொள்ள வேண்டும், அதைத்தான் மறந்துவிடுகிறீர்கள்.

ஆத்தூர்த் தம்பி ஒருவர், நல்ல படிப்பாளி, குழுவில் அறிமுகமான ஒருவரிடம் 1939 ஒரு ரூபாயை முப்பத்தெட்டாயிரத்துக்கு வாங்கினார். ஆறாம் ஜார்ஜ் ரூபாய்களில் அரிதான ஆண்டு அது. "அண்ணா, டச் பார்த்தாச்சு. எடையும் கரெக்ட்" என்று பெருமையாகக் காட்டினார். டச் என்றால் வெள்ளி எவ்வளவு சுத்தம் என்று பார்க்கும் சோதனை.

நம் ஊர்க்காரர்களின் வியாதி இது. கொலுசுப் பட்டறை நிறைந்த ஊர். எதைக் கொடுத்தாலும் முதலில் டச் பார்க்கச் சொல்லுவோம். டச் வெள்ளியைப் பற்றிச் சொல்லும். நாணயத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாது. அந்தத் தம்பியின் காசு அசல் அரசாங்க வெள்ளி, அசல் அக்கசாலை அச்சு. 1938 ரூபாயின் கடைசி 8-இல் இடது கீழ் வளைவைச் சுரண்டி 9 ஆக்கியிருந்தார்கள். பத்து மடங்கு பெருக்கும் லென்ஸ் வைத்ததும் அந்த எண்ணைச் சுற்றி மட்டும் தரை, அதாவது காசின் வெற்றுப் பரப்பு, வேறு மாதிரி மின்னியது. எடை சரி, வெள்ளி சரி, கடைசி எண் மட்டும் பொய். இதில் கொடுமை, டச் பார்ப்பதற்காக விளிம்பை உரைகல்லில் தேய்த்திருந்தார்கள். அது உண்மையான 1939-ஆகவே இருந்திருந்தாலும் அந்தத் தேய்ப்பிலேயே விலையில் பாதி போயிருக்கும்.

உரசாமல் பார்க்க வழி இருக்கிறது. விக்டோரியா காலத்திலிருந்து 1939 வரை வெள்ளி ரூபாய் 11.66 கிராம், வெள்ளி 91.7 சதவீதம். சுத்த வெள்ளி மட்டும் ஏறக்குறைய 10.7 கிராம், நீங்கள் வாங்கும் நாளின் வெள்ளி விலையால் பெருக்கினால் சாதாரணத் தேய்ந்த ரூபாயின் அடிவிலை வந்துவிடும். 0.01 கிராம் வரை துல்லியமாகக் காட்டும் தராசில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துப் பூஜ்யம் ஆக்குங்கள். காசை நூலில் கட்டி, அடியில் படாமல் முழுதும் மூழ்க விடுங்கள். 1.13 கிராம் அருகில் காட்டினால் உலோகம் சரி. 1.3-க்கு மேல் போனால் வெள்ளியே இல்லாத ஜெர்மன் சில்வர் மாதிரி ஏதோ ஒன்று. நல்ல வெள்ளியிலேயே வார்த்த நகல்களும் சுற்றுகின்றன, அவை இதிலும் தேறிவிடும். அவற்றை விளிம்பில் பிடிக்கலாம்: வார்ப்பு இணைப்புக் கோடு, மழுங்கிய வரிப்பல் (விளிம்பைச் சுற்றியுள்ள நுண்கோடுகள்), தரையில் ஊசிக் குழிகள்.

காந்தம் என்று சிலர் ஆரம்பிப்பார்கள். 1947 ரூபாய் காந்தத்தில் ஒட்டும். ஒட்டத்தான் வேண்டும், அது சுத்த நிக்கல். ஒட்டுகிறதே என்று பயந்து நல்ல காசைத் திருப்பி அனுப்பியவரையும் பார்த்திருக்கிறேன், அதையே 'வெள்ளி ரூபாய்' என்று வாங்கி வந்தவரையும் பார்த்திருக்கிறேன். நம் உருக்காலையில் நாணய வில்லை வெட்டியது ஊரறிந்த விஷயம் என்பதால், அச்சு விழாத வில்லையை 'எரர் காயின்' (அச்சுப் பிழை நாணயம்) என்று விற்பவர்களும் உண்டு. எழுத்தே இல்லாத வட்டத் தகட்டுக்கு எதை வைத்து விலை சொல்வது?

வாங்குபவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இரண்டு பக்கப் படம் போதாது. விளிம்பின் படம் கேளுங்கள், தராசில் காசு இருக்கும் படம் கேளுங்கள், அன்றைய தேதியை எழுதிய சீட்டோடு கேளுங்கள். தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள், கோபித்துக்கொள்வார் என்று கூச்சப்படவும் வேண்டாம். "பிடிக்காவிட்டால் ஏழு நாளில் திருப்பலாம்" என்பதைப் பணம் அனுப்புவதற்கு முன்னால் எழுத்தில் வாங்குங்கள். முதல் கொள்முதல் ஆயிரம் ரூபாய்க்குள் இருக்கட்டும். கண்காட்சி நடக்கும்போது நேரில் போய் முகம் பார்த்துவிட்டு வந்தால் இன்னும் நல்லது.

விற்பவர்களுக்கு: பணம் வாங்குவதற்கு க்யூஆர் கோடை ஸ்கேன் செய்ய வேண்டியதில்லை, பின் எண் போட வேண்டியதில்லை. போடச் சொன்னால் உங்கள் பணம் போகிறது என்று அர்த்தம். ஸ்கிரீன்ஷாட்டைப் பணமாக எண்ணாதீர்கள், வங்கிக் கணக்கைத் திறந்து பாருங்கள். அனுப்பும் முன் காசின் கீறல் தெரிய நெருக்கப் படம் எடுத்து, பொட்டலம் கட்டுவதை வீடியோ எடுங்கள். அசலை வைத்துக்கொண்டு நகலைத் 'திருப்பி' அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கீறல்தான் உங்கள் சாட்சி.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருஷம் தாண்டிய நாணயம் தொல்பொருள். அதைத் தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. சிங்கப்பூர்ச் சித்தப்பா ஆசையாகக் கேட்கிறார் என்று கம்பெனி காசைக் கூரியரில் போடாதீர்கள். ஐந்தாம் ஜார்ஜ் அங்கியில் இருந்த யானை பன்றி மாதிரித் தெரிந்ததால் திரும்பப் பெற்றார்களே, அந்த 1911 ரூபாயும் இப்போது அந்தக் கணக்கில் வந்துவிட்டது. வயலில் உழும்போது காசுப் பானை கிடைத்தால் குழுவில் படம் போடாதீர்கள். கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும், 1878-லிருந்து சட்டம் அப்படித்தான்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். படம் எடுக்கும் முன் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். விபூதி, பல்பொடி, எலுமிச்சை எதுவும் வேண்டாம். நூறு வருஷமாகப் படிந்த அந்தக் கறுப்பைத்தான் சேகரிப்பவர் தேடுகிறார். பளபளவென்று வந்தால் முதல் பார்வையிலேயே விலையைக் குறைத்துவிடுவோம், நானும்தான்.

அந்த ஏற்காட்டு அம்மா கிளம்பும்போது அந்த நாணயத்தை எடுக்காமல் நின்றார். "இதை என்ன சார் பண்றது?"

"பஸ்ல கண்டக்டர் சில்லறை கேட்பாரு, குடுத்துடுங்க."

"வாங்குவாரா?"

"அஞ்சு ரூபாய்க்கு வாங்குவாரு" என்றேன். பொட்டலத்தை மறுபடி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.