ஆர்.எஸ்.பதி மரம்: சொல் விளக்கம்

புதுக்கோட்டைப் பக்கம் யூகலிப்டஸ் மரத்தைக் காட்டி என்ன மரம் என்று கேட்டால் சிலர் தைலமரம் என்பார்கள், சிலர் ஆர்.எஸ்.பதி மரம் என்பார்கள். பின்னதை ஆரஸ்பதி என்று சேர்த்து எழுதுவோரும் உண்டு. அப்படி எழுதும்போது வனஸ்பதி, பிரகஸ்பதி போல ஏதோ வடசொல் என்றே தோன்றும். ஆனால் அது ஒரு மருந்துப் பெயர். சளி, தலைவலி என்றால் நெற்றியிலும் மூக்கிலும் தடவிய ஆர்.எஸ்.பதி நீலகிரித் தைலம் வீட்டுக்கு வீடு இருந்தது. ஊர்ப்புறத்தில் இந்த மரத்தை நட்டபோது இலையைக் கசக்கி முகர்ந்தவர்களுக்கு அந்தக் குப்பியின் வாசனை வந்தது. மரத்துக்கும் குப்பியின் பெயரே நின்றுவிட்டது. வனஸ்பதி நெய்யை டால்டா என்று அதன் வணிகப் பெயரால் சொன்னோமே, அதே வழிதான்.

யூகலிப்டஸ் என்பது கிரேக்க வேர்களிலிருந்து ஆக்கிய பெயர். 'யூ' என்றால் நன்றாக, 'கலிப்டோஸ்' என்றால் மூடப்பட்டது. கேப்டன் குக்கின் மூன்றாம் கடற்பயணத்தில், 1777இல் டாஸ்மேனியாப் பகுதியில் திரட்டிய செடியைப் பார்த்து, பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரிட்டியே 1788இல் இந்தப் பெயரைச் சூட்டினார். இதன் மொட்டைப் பார்த்தால் காரணம் விளங்கும். மேலே தொப்பி போல ஒரு மூடி இருக்கும். பூக்கும்போது அது கழன்று விழ, உள்ளிருந்து கொத்தாக மகரந்தத் தாள்கள் விரியும். வேறு இதழ் கிடையாது. மரத்தடியில் தேடினால் அந்தக் குட்டி மூடிகளைப் பொறுக்கலாம்.

நீலகிரி மரம் என்ற பெயரும் வழங்குகிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. மரத்தின் தாயகம் ஆஸ்திரேலியா. விறகுக்காகச் சோலைக்காடுகள் அழிந்துகொண்டிருந்த காலத்தில், 1843இல் நீலகிரியில் இதை நடத் தொடங்கினார்கள். மலையின் பெயரோ சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது, வடக்கே படையெடுத்த செங்குட்டுவன் நீலகிரியில் தங்குகிறான். வந்து இருநூறு ஆண்டுகூட ஆகாத மரத்துக்கு அந்தப் பெயரைக் கொடுத்தால், அங்கேயே பிறந்த மரம் என்று குழந்தைகள் நினைத்துக்கொள்வார்கள். சோலையும் புல்வெளியும்தான் அந்த மலைக்கு உரியவை.

ஊட்டியில் இதைக் கற்பூர மரம் என்பார்கள். வாசனையை வைத்து வந்த அழகான பெயர்தான். ஆனால் கற்பூரம் எடுக்கும் மரம் வேறு, அது லவங்கப்பட்டையின் இனம். அதனால் பேச்சில் சரி, எழுத்தில் குழப்பும்.

மிஞ்சுவது தைலமரம். இலையில் தைலம் இருப்பதால் இந்தப் பெயர் காரணப்பெயராகவே அமைகிறது. தைலம் வடசொல், 'திலம்' என்றால் எள், அதிலிருந்து எடுத்தது தைலம். நம் எண்ணெயும் அப்படித்தான், எள்ளின் நெய். இரண்டுமே எள்ளை விட்டு விலகிப் பொதுச்சொல் ஆனவை. ஆனாலும் தமிழில் தைலம் என்றாலே பூசும் மருந்தெண்ணெய் என்று பொருள் படிந்துவிட்டதால், இந்த மரத்துக்கு எண்ணெய்மரம் என்பதைவிடத் தைலமரமே பொருந்துகிறது. தனித்தமிழ் வேண்டும் என்று புதுச்சொல் கட்டத் தேவையில்லை, மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொல் இது.

எழுதும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூகலிப்டஸில் 700க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. நீலகிரியில் தைலம் வடிப்பது பெரும்பாலும் குளோபுலஸ் என்ற வகையின் இலையிலிருந்து. சமவெளியில் காகிதக் கூழுக்காக வரிசை வரிசையாக நட்டவை பெரும்பாலும் டெரெடிகார்னிஸ் வகையும் அதன் கலப்புகளும். அவற்றைப் பெரும்பாலும் தைலத்துக்காக அல்ல, கட்டைக்காகத்தான் வெட்டுகிறார்கள். ஆகவே நிலத்தடி நீர் பற்றியோ மருந்து பற்றியோ எழுதுகிறவர்கள் வெறுமனே தைலமரம் என்று விட்டுவிடாமல், மலைத் தைலமரமா சமவெளித் தைலமரமா என்று சேர்த்துச் சொல்வது நல்லது.