மேக்னெட்டிக் அனாமலின்னா என்ன, தமிழ்ல எப்படிச் சொல்றது

சேட்டிலைட் வச்சு பூமியோட ஆழ் மேலோட்டை ஆராயுறது பத்தி எதைப் படிச்சாலும் மேக்னெட்டிக் அனாமலின்னு ஒரு சொல் வந்து நிக்கும். அனாமலி கிரேக்கச் சொல், ஹோமலோஸ்னா சமமா இருக்குறது, முன்னாடி அன் சேர்ந்தா சமமில்லாதது. காந்தம் சமஸ்கிருத அயஸ்காந்தத்துல இருந்து வந்தது, அயஸ்னா இரும்பு, காந்தன்னா விரும்பப்படுறது.

பூமியோட காந்தப்புலத்துல பெரும்பங்கு வெளிக்கருவுல, அதாவது பூமியோட நடுக்கருவைச் சுத்தி இருக்குற அடுக்குல, ஓடுற திரவ இரும்பால வர்றது, தரையில 25,000-ல இருந்து 65,000 நானோடெஸ்லா (காந்தப்புலத்தோட வலிமையை அளக்குற அலகு) வரைக்கும் இருக்கும். இதையும், மேல வளிமண்டலத்தோட மின்னூட்டம் உள்ள அடுக்கான அயனிமண்டலத்துல ஓடுற மின்னோட்டத்தால வர்றதையும் கணக்குப் போட்டு கழிச்சா மிச்சம் கொஞ்சம் நிக்கும் பாருங்க, அது பாறையோட பங்கு, அதான் அனாமலி. 400 கிமீ உயரத்துல அது பத்து இருபது நானோடெஸ்லா அளவுதான், அதனாலதான் 2013-ல ஏவுன ஸ்வார்ம் சேட்டிலைட்டுகள்ல காந்தமானியை நீளமான கம்பம் ஒண்ணுல தள்ளி வச்சிருக்காங்க, சேட்டிலைட்டோட சொந்தக் காந்தம் கலந்துடக் கூடாதுன்னு.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் கியூரி வெப்பநிலை. ஒரு பொருள் காந்தத்தன்மையை இழக்குற சூடுதான் அது. பாறையில இருக்குற மேக்னடைட்ங்கிற இரும்புக் கனிமம் 580 டிகிரி செல்சியஸைத் தாண்டுனா காந்தத்தன்மையை இழந்துடும், கீழ போகப் போக சூடு ஏறுறதால ஒரு ஆழத்துக்கு அப்புறம் பாறை காந்தம் காட்டாது, பழைய குளிர்ந்த கண்டப் பகுதியில அந்த எல்லை ஆழமா இருக்கும், சூடான பகுதியில மேலயே வந்துடும். அப்போ அனாமலி மேப்பை வச்சே, யாரும் துளை போட்டு எட்ட முடியாத ஆழத்துல எவ்வளவு சூடுன்னு கணிக்கலாம்! மத்திய ஆப்பிரிக்கக் குடியரசுல இருக்குற பாங்குயி அனாமலி நூத்துக்கணக்கான கிமீ அகலம், விண்கல் மோதுனதாலயா இல்ல பூமிக்குள்ள நடந்த மாற்றத்தாலயான்னு வாதம் இன்னும் ஓயல.

சரி, தமிழ்ல? சிலர் முரண்னு எழுதுறாங்க, ஆனா முரண்னா ஒண்ணுக்கொண்ணு எதிரா நிக்கணும், இங்க அப்படி எதுவும் இல்லை. ஒழுங்கின்மையும் ஒத்து வராது, இதுக்குப் பின்னாடி தெளிவான இயற்பியல் இருக்கு. பிறழ்வுதான் சரி, எதிர்பார்த்த இடத்துல இருந்து விலகுறது, கோர்ட்டுல முன்னாடி சொன்னதுல இருந்து மாறுறவரை பிறழ்சாட்சின்னு சொல்றோமே அதே வேர். காந்தப் பிறழ்வுன்னு வச்சா பிறழ்வு வரைபடம்னும் இயல்பா வரும், எதிர்பார்த்ததை விடக் கூடுனா நேர்ப் பிறழ்வு, பாங்குயி நடுவுல மாதிரி குறைஞ்சா எதிர்ப் பிறழ்வு, முரணை வச்சு எதிர் முரண்னு எழுதுனா படிக்கிறவங்க குழம்பித்தான் போவாங்க.